திறந்து பார்க்காமல் கட்ட முடியுமா?

“அத்தை, இந்த ரெண்டு பட்டியலையும் ஒண்ணாப் போட்டா என்ன?”

அண்ணன் மகள் மடிக்கணினியை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத் தேநீரைக் கையில் எடுத்துக்கொண்டாள். இணையப் பாதுகாப்பு மென்பொருள் எழுதுவது அவள் வேலை. இரண்டு கருவிகள் தங்களுக்குள் இரகசியச் சாவியைப் புதுப்பித்துக்கொள்வதற்கான சிறு நெறிமுறை ஒன்றை அவளுடைய குழு வரைவாக எழுதிக்கொண்டிருந்தது. உள்ளடக்கத்தை மற்றவர்கள் எழுதி முடித்துவிட்டார்கள். கடைசிப் பக்கத்து மேற்கோள் பட்டியல் மட்டும் இவள் பங்குக்கு வந்திருந்தது. மொத்தம் 14 ஆவணங்கள். ‘நார்மேட்டிவ்’, ‘இன்ஃபர்மேட்டிவ்’ என்று இரண்டு தலைப்புகள். எதை எதன் கீழ் வைப்பது?

“முக்கியமானதெல்லாம் முதல் பட்டியல்ல, மத்தது ரெண்டாவதுல. அப்படித்தானே?”

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். பல வருடம் இந்தத் துறையில் இருப்பவர்கள்கூட. அந்த ஒரு எண்ணத்தால் வரும் குழப்பத்தை நிறையப் பார்த்திருக்கிறேன். எனவே அவளிடம் சொன்னதை இங்கே நிதானமாக எழுதுகிறேன். நீங்களும் ஒரு கோப்பையோடு உட்கார்ந்துகொள்ளுங்கள்.

முதலில், இந்த ஆவணங்கள் என்ன என்பது. உங்கள் கைப்பேசியும் வங்கியின் கணினியும் முன்பின் அறிமுகம் இல்லாதவை. வேறு வேறு நாட்டில், வேறு வேறு ஆட்கள் எழுதிய மென்பொருள்கள் அவற்றில் ஓடுகின்றன. ஆனாலும் அவை சந்தித்த கணத்தில் ஒருவரையொருவர் சோதித்து, பொதுச் சாவி ஒன்றை உருவாக்கி, மூன்றாம் ஆளுக்குப் புரியாத மொழியில் பேசத் தொடங்கிவிடுகின்றன. இது முடிவது, இரண்டு பக்கத்தையும் எழுதியவர்கள் ஒரே எழுத்தைப் படித்திருப்பதால். அந்த எழுத்துதான் தர ஆவணம். இணையத்தில் அவற்றுள் பெரும்பாலானவை ஆர்.எஃப்.சி. என்ற வரிசையில் வெளியாகின்றன. 1969 ஏப்ரலில் ஸ்டீவ் கிராக்கர் எழுதிய முதல் குறிப்பிலிருந்து தொடங்கும் வரிசை அது. இன்று ஐ.இ.டி.எஃப். என்ற பொறியாளர் அமைப்புதான் அதன் பெரும்பகுதியை எழுதுகிறது. ஒருமுறை வெளியான ஆர்.எஃப்.சி.யின் எழுத்து பிறகு மாறாது. திருத்த வேண்டுமென்றால் புதிய எண்ணில் இன்னொன்றுதான் எழுத வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எந்த ஆவணமும் தனியாக நிற்பதில்லை. ஹேஷ் கணக்கு ஓரிடத்தில் இருக்கும், சான்றிதழின் அமைப்பு இன்னோரிடத்தில் இருக்கும், இதற்கு முன் நடந்த தாக்குதல்களின் கதை வேறொரு ஆய்வுக்கட்டுரையில் இருக்கும். எனவே கடைசியில் பட்டியல். ஐ.இ.டி.எஃப்.பின் வழிநடத்தும் குழுவான ஐ.இ.எஸ்.ஜி. 2006-இல் இதற்கு ஓர் அறிக்கை தந்தது. அதன் சாரம் இது: புதிய ஆவணத்தைப் புரிந்துகொள்ளவோ செய்து முடிக்கவோ ஒருவர் படித்தே ஆக வேண்டியவை நார்மேட்டிவ். புதியது வேலை செய்வதற்கு எந்தத் தொழில்நுட்பம் இருந்தாக வேண்டுமோ அதை விவரிப்பவையும் நார்மேட்டிவ். மற்றவை கூடுதல் தகவல் தருபவை.

இவற்றுக்குத் தமிழில் என்ன சொல்வது? ‘கட்டாய மேற்கோள்’ என்று சொல்லத் தோன்றும். நானும் முதலில் அப்படித்தான் சொல்லிவந்தேன். அது தவறான பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது. கட்டாயம் என்றதும் முக்கியம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. எனவே ‘சார்பு மேற்கோள்’ என்று சொல்கிறேன். நம் ஆவணம் எதைச் சார்ந்து நிற்கிறதோ அது சார்பு மேற்கோள். எதைப் பற்றிப் பேசிவிட்டுப் போகிறதோ அது தகவல் மேற்கோள்.

அவளுக்குச் சமையல் குறிப்பை வைத்துச் சொன்னேன். வத்தக்குழம்புக் குறிப்பு ஒன்று இருக்கிறது. ‘இரண்டு கரண்டி குழம்புப் பொடி போடவும், பொடி அரைக்கும் முறை 12-ஆம் பக்கத்தில்’ என்று அதில் ஒரு வரி. 12-ஆம் பக்கம் கிழிந்துபோயிருந்தால் குழம்பு இல்லை. ‘விரும்பினால் மணத்தக்காளி வற்றல் சேர்க்கலாம், வற்றல் போடும் முறை 15-ஆம் பக்கத்தில்’ என்று இன்னொரு வரி. வற்றல் உங்கள் விருப்பம். ஆனால் போடுவதென்று முடிவு செய்துவிட்டால் 15-ஆம் பக்கம் இல்லாமல் முடியாது. மூன்றாவது வரி, ‘நல்ல செக்கு எண்ணெய் ஊற்றவும். எண்ணெயின் தரத்தைக் கண்டுபிடிப்பது பற்றி 40-ஆம் பக்கத்தில் ஒரு கட்டுரை.’ எண்ணெய் கெட்டால் குழம்பே கெடும். இருந்தாலும் அந்தக் கட்டுரையைப் படிக்காமலேயே நல்ல எண்ணெய் வாங்கி வந்துவிடலாம்.

“அப்போ வற்றல் சார்பு, எண்ணெய் தகவலா? தலைகீழா இருக்கே!”

தலைகீழாகத் தெரிவதுதான் இதில் புரிந்துகொள்ள வேண்டிய இடம். உங்கள் உலாவியின் பாதுகாப்பான இணைப்புக்குப் பின்னால் இருக்கும் டி.எல்.எஸ். 1.3-ஐ எடுத்துக்கொள்வோம். எரிக் ரெஸ்கார்லா தொகுத்து, 2018 ஆகஸ்டில் ஆர்.எஃப்.சி. 8446 என்ற எண்ணில் வந்த ஆவணம். அதன் இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பதே ஒரு நல்ல பாடம்.

அதில் சாச்சா20 என்ற மறையாக்க முறை வருகிறது. இதைச் செய்தே ஆக வேண்டும் என்று ஆவணம் சொல்லவில்லை. எல்லோரும் செய்தே ஆக வேண்டியது ஏ.இ.எஸ்.-128-ஐ வைத்த ஒரு முறை மட்டும்தான். சாச்சா20 செய்வது நல்லது என்ற அளவில்தான் பரிந்துரை. அப்படியிருந்தும் சாச்சா20-ஐ விவரிக்கும் ஆர்.எஃப்.சி. 8439 சார்புப் பட்டியலில் இருக்கிறது. காரணம் வற்றல் காரணம்தான். செய்யாதவர் அதைத் தொட வேண்டாம். ஆனால் செய்கிறவர் அந்த ஆவணத்தில் இருக்கிறபடியே, ஒரு பிட் பிசகாமல் செய்தால்தான் எதிர்ப்பக்கம் அவர் அனுப்பியதைப் பிரிக்க முடியும். ஐ.இ.எஸ்.ஜி.யின் அறிக்கையும் இதைத் தனியாக எடுத்துச் சொல்கிறது: விருப்ப அம்சத்துக்கு மட்டுமே தேவைப்படும் ஆவணமாக இருந்தாலும், அந்த அம்சத்தைச் செய்ய அது தேவையென்றால் அது சார்புதான்.

இப்போது எண்ணெய்க்கு வருவோம். மறையாக்கத்தில் எண்ணெய் என்பது ஊகிக்க முடியாத எண்கள். சாவிகள் எல்லாம் அவற்றிலிருந்துதான் பிறக்கின்றன. அது கெட்டால் என்னவாகும் என்பதற்கு 2008 மே மாதத்தில் வெளிவந்த டெபியன் லினக்ஸ் சம்பவம் சாட்சி. 2006-இல் ஓபன்எஸ்எஸ்எல் மென்பொருளில் செய்த சிறு மாற்றம் ஒன்றால், ஊகிக்க முடியாத எண்ணுக்கான மூலப்பொருள் ஏறத்தாழ முழுவதும் போய், கணினியில் ஓடும் நிரலின் அடையாள எண் மட்டும் மிஞ்சியது. அந்த எண்ணோ அதிகபட்சம் 32,768-க்குள். எண்ணற்ற சாவிகளிலிருந்து ஒன்று பிறக்க வேண்டிய இடத்தில், உட்கார்ந்து எண்ணிவிடக்கூடிய அளவுக்குத்தான் சாவிகள் பிறந்தன. கணிதம் சரியாக இருந்தது, நெறிமுறை சரியாக இருந்தது, பூட்டு மட்டும் பூட்டாக இல்லை.

அவ்வளவு உயிரான விஷயம். அதைப் பற்றி அக்கறையோடு எழுதப்பட்ட ஆர்.எஃப்.சி. 4086, 2005-இல் வந்தது. டி.எல்.எஸ். 1.3-இல் அது தகவல் பட்டியலில் இருக்கிறது. அங்கே இருப்பதுதான் சரி என்று நான் நினைக்கிறேன். ‘ஊகிக்க முடியாத எண்களைத் தரும் தரமான மூலம் வேண்டும்’ என்ற நிபந்தனையை டி.எல்.எஸ். ஆவணம் தன் சொந்த வாக்கியத்திலேயே வைத்துவிட்டது. அதை எப்படி நிறைவேற்றுவது என்பதற்குப் பல வழிகள் உண்டு, இன்று இயக்க முறைமையே அதைத் தந்துவிடுகிறது. நீங்கள் எந்த வழியில் அந்த எண்ணைப் பெற்றீர்கள் என்பது எதிர்ப்பக்கத்துக்குத் தெரியவும் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. ஆர்.எஃப்.சி. 4086 உங்களைத் தெளிவுபடுத்தும். அதைத் திறக்காதவரும் சரியாகக் கட்டிவிட முடியும்.

ஆக, விருப்பமானது சார்பில் இருக்கிறது, உயிரானது தகவலில் இருக்கிறது. முக்கியத்துவம் என்ற அளவுகோல் இங்கே உதவாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். அளவுகோல் வேறு. அதை ஒரு கேள்வியாக அவளுக்குக் கொடுத்தேன். நம் கூட்டங்களுக்கு ஒருநாளும் வராத, நம்மில் யாரையும் தெரியாத ஒருத்தி தொலைவில் எங்கோ உட்கார்ந்து இந்த ஆவணத்தை வைத்து நிரல் எழுதுகிறாள். இந்த மேற்கோளைத் திறந்து பார்க்காமல் அவளால் இதைச் சரியாகவும் பாதுகாப்பாகவும் கட்ட முடியுமா? முடியும் என்றால் தகவல். முடியாது என்றால் சார்பு.

‘பாதுகாப்பாகவும்’ என்ற சொல்லை வேண்டுமென்றுதான் சேர்த்தேன். மற்ற நெறிமுறைகளில் ஓர் இடைவெளி இருந்தால் பெரும்பாலும் இரண்டு கருவிகள் பேசிக்கொள்ளாது. யாராவது புகார் செய்வார்கள், சரிசெய்யப்படும். பாதுகாப்பு நெறிமுறையில் இரண்டு கருவிகளும் நன்றாகவே பேசிக்கொள்ளும், கூடவே மூன்றாம் ஆளும் கேட்டுக்கொண்டிருப்பான். யாருக்கும் எதுவும் தெரியாது. அங்கே விட்டுப்போன ஒரு வரிக்குச் சத்தம் கிடையாது. அதனால்தான் இந்தப் பட்டியல் வேலையைக் கடைசிப் பக்கத்துச் சில்லறை வேலை என்று என்னால் நினைக்க முடியவில்லை.

இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு அவளுடைய 14 ஆவணங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். முதலாவது ஆர்.எஃப்.சி. 2119. 1997 மார்ச்சில் ஸ்காட் பிராட்னர் எழுதியது, சில பக்கங்கள்தான். ‘கட்டாயம்’, ‘நல்லது’, ‘செய்யலாம்’ என்ற சொற்கள் தர ஆவணங்களில் எந்த எடையோடு வரும் என்று சொல்வது. 2017-இல் வந்த 8174 அதைத் தெளிவாக்கியது: பெரிய எழுத்தில் வந்தால்தான் அந்த எடை. இந்த இரண்டையும் படிக்காதவர் ஆவணத்தின் ஏவல்களை எடைபோட முடியாது. சார்பு. இதில் யாருக்கும் சந்தேகம் இருப்பதில்லை.

அடுத்தது ஹெச்.கே.டி.எஃப். ஒரு இரகசியத்திலிருந்து பல சாவிகளைப் பிரித்தெடுக்கும் முறை, 2010-இல் வந்த ஆர்.எஃப்.சி. 5869. இரண்டு பக்கமும் ஒரே கணக்கைப் போட்டு ஒரே விடைக்கு வர வேண்டும். சார்பு.

அடுத்து நான்கு ஆய்வுக்கட்டுரைகள். பழைய நெறிமுறைகளை எப்படி உடைத்தார்கள் என்பவை. ‘இத்தகைய தாக்குதலைத் தடுக்கவே இந்தப் படி’ என்று பாதுகாப்புக் குறிப்புப் பகுதியில் அவற்றைச் சொல்லியிருந்தார்கள். படி என்னவென்று ஆவணமே முழுமையாகச் சொல்லிவிட்டது. ஏன் என்பதுதான் கட்டுரையில் இருக்கிறது. தகவல். இந்தக் கட்டுரைகளைப் படிக்காமல் கட்டுகிறவர் அந்தப் படியின் அருமை தெரியாமல் போகலாம், ஆனால் அதைத் தவறாகச் செய்துவிட மாட்டார்.

அடுத்ததில் சற்று நின்றோம். பி.சி.பி. 195, டி.எல்.எஸ்.ஸைப் பாதுகாப்பாகப் பயன்படுத்தும் வழிகளைச் சொல்வது. ஒரே ஆவணம் அவளுடைய வரைவில் இரண்டு இடத்தில் வந்தது. முன்னுரையில், ‘டி.எல்.எஸ். பயன்பாடு பற்றிப் பி.சி.பி. 195 விரிவாகப் பேசுகிறது’ என்று. ஆறாம் பகுதியில், ‘டி.எல்.எஸ். வழியாக அனுப்பும்போது பி.சி.பி. 195-இன் பரிந்துரைகளைக் கட்டாயம் பின்பற்ற வேண்டும்’ என்று. முன்னுரை வாக்கியம் மட்டும் இருந்திருந்தால் தகவல். ஆறாம் பகுதி அதைச் சார்பாக்கிவிடுகிறது. எத்தனை இடத்தில் வெறுமனே பேசினோம் என்பது கணக்கில்லை, ஓர் இடத்தில் சாய்ந்துவிட்டால் சாய்ந்ததுதான்.

இதிலிருந்து அவளே ஒன்றைக் கண்டுபிடித்தாள். “ஆவணத்தைப் பாத்து முடிவு பண்ண முடியாது, இல்ல அத்தை? நம்ம வாக்கியத்தைத்தான் பாக்கணும்.” ஆமாம். மேற்கோள் எந்த வாக்கியத்தில் வருகிறதோ அந்த வாக்கியத்தின் வினைச்சொல்லைப் பார்க்க வேண்டும். ‘இதன்படி கணக்கிடு’, ‘இதில் உள்ள அமைப்பில் எழுது’ என்றால் ஒரு பக்கம். ‘இதில் விவாதிக்கப்பட்டிருக்கிறது’, ‘இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்’ என்றால் இன்னொரு பக்கம்.

இவ்வளவு நேரான விஷயம் என்றால் ஏன் இதில் இத்தனை இழுபறி? சார்பு மேற்கோளுக்கு விலை உண்டு. இந்த இடத்தில் இரண்டாவது தேநீர் வந்தது.

முதல் விலை, காத்திருப்பு. நீங்கள் சார்ந்திருக்கும் ஆவணம் இன்னும் வரைவாகவே இருந்தால், அது வெளியாகும்வரை உங்களுடையதும் வெளியாகாது. ஒப்புதல் எல்லாம் முடிந்து பதிப்பாசிரியர் வரிசைக்குப் போயிருந்தாலும், ‘மிஸ்ரெஃப்’ என்று ஒரு குறிப்போடு அங்கேயே உட்கார்ந்திருக்கும். மேற்கோள் இன்னும் வந்துசேரவில்லை என்று பொருள். தகவல் மேற்கோளுக்கு இந்தக் கட்டு கிடையாது, ‘நடந்துகொண்டிருக்கும் வேலை’ என்று குறிப்பிட்டுவிட்டு வெளியிட்டுவிடலாம்.

இது எவ்வளவு நீளக்கூடும் என்பதற்கு வெப்ஆர்டிசி நல்ல எடுத்துக்காட்டு. உலாவிக்குள்ளேயே முகம் பார்த்துப் பேச உதவும் நெறிமுறைகளின் தொகுதி அது. ஒன்றை ஒன்று சார்ந்த பல ஆவணங்கள், எல்லாம் ஒரே கொத்தாகக் கட்டுண்டு கிடந்தன. கொத்தில் மெதுவாக நடக்கிறவர் வந்துசேரும்வரை மற்றவர்களும் நிற்க வேண்டியிருந்தது. தரவுத் தடம் பற்றிய ஆவணத்தின் கடைசி வரைவு 2015 ஜனவரியில் எழுதி முடிந்தது. ஆர்.எஃப்.சி. 8831 என்ற எண்ணோடு அது வெளியானது 2021 ஜனவரியில். ஆறு ஆண்டுகள். இடையில் பெருந்தொற்றுக் காலம் வந்து, உலகமே அந்தத் தொழில்நுட்பத்தின் வழியாகப் பேசிக்கொண்டிருந்தது, ஆவணம் வரிசையில் நின்றது.

இரண்டாவது விலை, தகுதி. ஆர்.எஃப்.சி.க்களுக்குள் படிநிலை உண்டு. தரப் பாதையில் வருபவை ஒருவகை. வெறும் தகவலுக்காக வெளியிடப்படுபவை வேறொரு வகை. மேல்படியில் இருக்கும் ஆவணம் கீழ்ப்படியில் இருப்பதன்மேல் சாயக் கூடாது என்பது பழைய ஒழுங்கு. அஸ்திவாரத்தைவிடச் சுவர் உறுதி என்று சொல்லிக்கொள்ள முடியாதல்லவா. அப்படிச் சாய்ந்தால் அதற்கு ‘டவுன்ரெஃப்’ என்று பெயர். ஆனால் மறையாக்கத்தில் இந்த ஒழுங்கை அப்படியே வைத்துக்கொண்டால் எதையும் எழுத முடியாது. ஹெச்மேக் என்ற அடிப்படைக் கணக்கு, 1997-இல் வந்த ஆர்.எஃப்.சி. 2104, தகவல் வகைதான். ஹெச்.கே.டி.எஃப். தகவல் வகை. நீள்வட்ட வளைவுகளைப் பற்றிய 7748-உம், சாச்சா20-உம் அப்படியே. கணிதத்தை ஆராய்ச்சிக் குழுக்களும் தனி ஆய்வாளர்களும் எழுதுகிறார்கள், அவர்களுடைய எழுத்து தரப் பாதையில் வருவதில்லை. வகையின் பெயர் தாழ்வாக இருந்தாலும் பல ஆண்டுகள் உலகமே தட்டிப் பார்த்து உறுதி செய்த கணக்குகள் அவை.

எனவே 2004-இல் ஆர்.எஃப்.சி. 3967 ஒரு வாசலைத் திறந்தது. இன்ன காரணத்தால் கீழ்ப்படி ஆவணத்தைச் சார்கிறோம் என்று கடைசிக் கருத்துக்கேட்பின்போது எல்லோருக்கும் சொல்லிவிட்டுச் சாரலாம். ஒருமுறை ஏற்கப்பட்டால் அந்த ஆவணம் ஒரு பதிவேட்டில் ஏறிவிடும், அடுத்தடுத்து வருகிறவர்கள் அதே விளக்கத்தை மறுபடி சொல்ல வேண்டாம். 2017-இல் 8067 இதை இன்னும் இலகுவாக்கியது. சாய்வதை அந்த ஒழுங்கு தடுக்கவில்லை, வெளிப்படையாகச் சாயச் சொல்கிறது. அது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு.

மூன்றாவது விலை, வாசகருக்கு. ஆர்.எஃப்.சி.க்கள் யாருக்கும் இலவசம். ஆனால் ஐ.எஸ்.ஓ. போன்ற அமைப்புகள் தங்கள் தரங்களை விலைக்கு விற்கின்றன. அப்படி ஒன்றைச் சார்ந்தால், கல்லூரி விடுதியில் உட்கார்ந்து நிரல் எழுதும் மாணவியிடம் அந்தத் தொகையைக் கேட்கிறோம் என்று பொருள். வேறு வழியே இல்லையா என்று ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் அதைச் செய்ய வேண்டும்.

இந்த விலைகளைக் கட்டாமல் தப்பிக்க ஒரு குறுக்குவழி எப்போதும் கண்முன்னால் இருக்கிறது. பட்டியலில் ஒரு வரியை மேலிருந்து கீழே நகர்த்திவிட்டால் போதும். காத்திருக்க வேண்டாம், யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம். ஆவணத்தின் உள்ளே ஓர் எழுத்துகூட மாறியிருக்காது. ஆனால் தொலைவில் உட்கார்ந்திருக்கிறாளே ஒருத்தி, அவளிடம் ‘இதைப் படிக்காவிட்டாலும் பரவாயில்லை’ என்று சொல்லிவிட்டோம். அவள் நம்மை நம்பிப் படிக்காமல் விடுவாள்.

சார்பு என்பது பரம்பரைக் கடன் போன்றதும்கூட. இன்று சாய்ந்த சுவர் நாளை விரிசல் விட்டால் அது நம் வீட்டு விரிசல். ஆர்.எஃப்.சி. எழுத்து மாறாது என்று முன்பு சொன்னேனே, அது இங்கேதான் வந்து நிற்கிறது. டி.எல்.எஸ். 1.0 வந்தது 1999-இல், 1.1 வந்தது 2006-இல். மின்னஞ்சல், கோப்பகச் சேவை, குரல் அழைப்பு என்று பல துறைகளின் ஆவணங்கள் அந்தப் பதிப்புகளின்மேல் சாய்ந்து எழுதப்பட்டன. காலம் போகப் போக அவை பலவீனப்பட்டன. 2021 மார்ச்சில் கேத்லீன் மோரியார்ட்டியும் ஸ்டீபன் ஃபாரலும் எழுதிய ஆர்.எஃப்.சி. 8996 இரண்டையும் பயன்படுத்தக் கூடாது என்று அறிவித்தது. அந்த ஆவணத்தின் முகப்பைப் பாருங்கள். அது திருத்தும் ஆர்.எஃப்.சி.க்களின் எண்கள் வரிவரியாக நீண்டுகொண்டே போகும். யாரெல்லாம் பழைய பதிப்புகளைச் சார்பு மேற்கோளாக வைத்திருந்தார்களோ அவர்களையெல்லாம் தேடி எடுத்து, ‘இந்தச் சாய்வை விடு’ என்று சொன்ன பட்டியல் அது.

அதைப் படித்தபோது எனக்கு ஒரு நிம்மதி வந்தது. முன்பு எழுதியவர்கள் தங்கள் சார்பை உண்மையாகக் குறித்துவைத்திருந்ததால்தான் பிறகு வந்தவர்களால் அவற்றைத் தேடிப் பிடிக்க முடிந்தது. ஒருவர் வசதிக்காகத் தன் சார்பைத் தகவல் பட்டியலில் ஒளித்துவைத்திருந்தால், சார்புப் பட்டியல்களைத் தேடுகிற கண்ணுக்கு அது தப்பியிருக்கும். பட்டியலை இன்றைய வாசகருக்கு மட்டும் எழுதுவதில்லை. இருபது வருடம் கழித்துப் பழுது பார்க்க வருகிறவருக்கும் எழுதுகிறோம்.

இந்தக் கடனைக் குறைக்கவும் வழிகள் உண்டு. ஒன்று, மாறக்கூடியதையும் மாறாததையும் பிரித்து எழுதுவது. ஐபிசெக் என்ற பாதுகாப்பு நெறிமுறைக் குடும்பத்தில் சாவிப் பரிமாற்ற நெறிமுறை ஓர் ஆவணம், எந்த மறையாக்க முறைகள் இன்று கட்டாயம், எவை விலக்கு என்பது தனி ஆவணம். முறைகள் கிழடாகும்போது இரண்டாவதை மட்டும் மாற்றினால் போதும், 2017-இல் அப்படித்தான் மாற்றினார்கள். இன்னொன்று, எண்ணைத் தேர்ந்தெடுப்பது. ஆர்.எஃப்.சி. 7525 என்று சார்ந்தால் 2015-இன் அறிவுரையோடு கட்டப்பட்டுவிடுகிறோம். அப்போதைக்கு நடப்பில் உள்ள அறிவுரையைச் சுட்டும் பி.சி.பி. 195 என்று சார்ந்தால், 2022-இல் 7525-இன் இடத்துக்கு 9325 வந்தபோது நம் ஆவணமும் கூடவே நகர்ந்திருக்கும். அறிவுரைகளுக்கு நகரும் எண் நல்லது. கணக்குகளுக்கு நகராத எண்தான் வேண்டும், இரண்டு பக்கமும் ஒரே விடைக்கு வந்தாக வேண்டுமே.

மற்றவற்றையும் இதே கேள்வியால் பிரித்தோம். இப்போது 13 ஆவணங்களுக்கு இடம் கிடைத்துவிட்டது. பதினான்காவது மிஞ்சியிருந்தது. அவள் அதைக் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே வந்ததை நான் கவனித்திருந்தேன்.

அது இன்னொரு குழுவின் வரைவு, இன்னும் ஒப்புதல் பெறாதது. குழுவில் மூத்தவர் ஒருவர் அதைத் தகவல் பட்டியலில் போடச் சொல்லியிருந்தார். எந்த வாக்கியத்தில் வருகிறது என்று கேட்டேன். நான்காம் பகுதியைத் திறந்து வாசித்தாள். ‘ஒவ்வொரு செய்திக்கும் உரிய ஒருமுறை எண்ணை அந்த வரைவில் விவரித்தபடி உருவாக்கலாம்.’

ஒருமுறை எண் என்பது பெயரிலேயே இருக்கிறது, ஒரு சாவியோடு ஒரே ஒரு முறைதான் வரலாம். ஏ.இ.எஸ்.-ஜி.சி.எம். என்ற மறையாக்க முறையில் அதே எண் இரண்டாம் முறை வந்துவிட்டால், இரண்டு செய்திகளுக்கும் இடையிலான வேறுபாடு அம்பலமாகும். அதற்கும் மேலாக, செய்தி கலையாமல் வந்ததா என்று சரிபார்க்கும் இரகசியமே வெளியே போய்விடும். பிறகு யாரும் நம் பெயரில் செய்தி செய்து அனுப்பலாம்.

“திறந்து பாக்காம கட்ட முடியுமா?” என்று கேட்டேன்.

சற்று நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “முடியாது. ஆளுக்கு ஒரு விதமா எண்ணுவாங்க. ரெண்டு பேரும் பேசிக்கவே மாட்டாங்க. இல்லன்னா பேசிக்குவாங்க, ஆனா எண் திரும்ப வரும்.”

“‘லாம்’னு போட்டிருக்கே, பரவாயில்லையா?”

“அது வற்றல், அத்தை.”

வழிகளை எண்ணிப் பார்த்தோம். சார்பில் வைத்துவிட்டு அந்த வரைவு வெளியாகும்வரை காத்திருக்கலாம். அந்த அம்சத்தையே இப்போதைக்கு எடுத்துவிட்டு, பிறகு தனி ஆவணமாக எழுதலாம். ஏற்கெனவே வெளியான ஒன்றைச் சாரலாம். டி.எல்.எஸ். 1.3-இல் 5.3-ஆம் பகுதி இதே வேலையைத் தெளிவாகச் செய்கிறது: 64 பிட் வரிசை எண்ணை எடுத்து, இடப்பக்கம் சுழியங்களால் நிரப்பி, சாவியோடு பிறந்த நிலையான எண்ணோடு பிட் பிட்டாகக் கலப்பது. அதுவும் இல்லையென்றால், படிகளைத் தன் ஆவணத்துக்குள்ளேயே முழுமையாக எழுதிவிடலாம். அப்படி எழுதிவிட்டால் அந்த வரைவு உண்மையாகவே தகவல் மேற்கோளாகிவிடும், யோசனை எங்கிருந்து வந்தது என்று நன்றியோடு சொல்லும் இடமாக. ஒவ்வொரு வழிக்கும் உழைப்பு உண்டு. நான்கும் நேர்மையானவை.

எதைத் தேர்ந்தெடுப்பாள் என்று நான் கேட்கவில்லை. அது அவளும் அவள் குழுவும் பேசி முடிக்க வேண்டியது. கோப்பையில் மிச்சமிருந்த தேநீர் ஆறிப்போயிருந்தது. அவள் மேற்கோள் பட்டியலை அப்படியே விட்டுவிட்டு நான்காம் பகுதிக்குத் திரும்பினாள். ‘உருவாக்கலாம்’ என்ற சொல்லின் பக்கத்தில் கர்சரைக் கொண்டுபோய் வைத்து, அந்த வாக்கியத்தை முதலிலிருந்து எழுதத் தொடங்கினாள்.